கிராணி பதில்கள்: ஸ்டோரில் அடுக்கிய மூட்டையும் முதலீடா?

சென்ற இதழில் ‘நாட்டின் முதலீடு கூடியிருக்கிறது என்று செய்தியில் சொல்கிறார்களே, அப்படியென்றால் என்ன?’ என்ற கேள்விக்கு நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்று கடிதத்திலும் வாட்ஸ்அப்பிலும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் இதற்கே. நான் 1977ல் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது எழுத்தராகச் சேர்ந்து, 2011ல் பெரிய கிராணியாக ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த பொருளாதாரம் எல்லாம் அந்த ஆபீசின் பேரேட்டிலும் ஸ்டோர் புத்தகத்திலும் கற்றதுதான். நாட்டுக் கணக்கைப் பிறகு படித்தபோது, நாங்கள் எழுதிய அதே கணக்கைப் பெரிய தாளில் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த வழியிலேயே பதில் சொல்கிறேன்.

ஆறாம் படிவ மாணவி, சுங்கை பட்டாணி: புள்ளிவிவரத் துறை அறிக்கையில் ‘மொத்த நிலை மூலதன ஆக்கம்’ ஒரு வரியாகவும், ‘சரக்கிருப்பு மாற்றம்’ இன்னொரு வரியாகவும் வருகின்றன. இரண்டும் சேர்ந்ததுதான் முதலீடு என்கிறார் ஆசிரியர். அப்பாவோ அமானா சஹாம் யூனிட் டிரஸ்டில் பணம் போடுவதுதான் முதலீடு என்கிறார். யார் சொல்வது சரி?

அப்பா சொல்வது வீட்டுக் கணக்கு, ஆசிரியர் சொல்வது நாட்டுக் கணக்கு. தேர்வுக்கு ஆசிரியர் சொன்னதை எழுதும்மா. அப்பா யூனிட் வாங்கும்போது பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. அதனால் நாட்டில் ஒரு செங்கல்கூடப் புதிதாக எழும்பவில்லை. அந்தப் பணத்தைத் திரட்டி எவராவது ஒரு ஆலை கட்டினால், அந்த ஆலை எழும்பும் காலத்தில்தான் நாட்டின் முதலீட்டுக் கணக்கில் வரவு வைப்பார்கள்.

இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் ஆபீஸ் வழக்கத்தில் சொல்கிறேன். ஒரு பொருள் வந்தால் பெரிய கிராணி முதலில் கேட்பது, ‘இது ஒரு தடவை போட்டால் தீர்ந்துபோகிற சாமானா, வருடக் கணக்கில் நின்று வேலை செய்கிற சாமானா?’ என்பதைத்தான். டிராக்டர், ஆலையின் பாய்லர், சாலை, பாலம், லயத்து வீடு, செம்பனை மரம் எல்லாம் ஓராண்டுக்கு மேல் நின்று திரும்பத் திரும்ப உழைப்பவை. இவை நிலைச் சொத்து. ஸ்டோரில் இருக்கும் உர மூட்டை, தொட்டியில் இருக்கும் டீசல், ஆலை வாசலில் கொட்டியிருக்கும் செம்பனைக் குலை, விற்காமல் டாங்கியில் நிற்கும் எண்ணெய் இவை சரக்கிருப்பு.

‘மாற்றம்’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொள். நிலைச் சொத்தில் இந்த ஆண்டு வாங்கியதையும் கட்டியதையும் எழுதுவார்கள். சரக்கில் ஆண்டு முடிவில் இருந்ததிலிருந்து ஆண்டுத் தொடக்கத்தில் இருந்ததைக் கழித்து எழுதுவார்கள். அதனால்தான் அந்த வரியில் சில காலாண்டுகளில் கழித்தல் குறி வருகிறது. எடுத்தது வைத்ததைவிட அதிகம் என்று அதற்கு அர்த்தம்.

அப்பா புது வீடு கட்டினால் அது நிலை மூலதனம். குடும்பத்துக்கு ஒரு மைவி வாங்கினால் அது நுகர்வு. அதே மைவியை ஒரு கார் ஓட்டும் பள்ளி வாங்கினால் மூலதனம். கார் ஒன்றுதான், அது என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் எந்த வரியில் எழுதுவது என்று முடிவாகும்.

மளிகைக்கடை நடத்தும் வாசகி, தைப்பிங்: தீபாவளிக்கு நிறையச் சரக்கு எடுத்தேன். பாதி விற்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகன், ‘அம்மா, நாட்டுக் கணக்கில் இதுவும் முதலீடுதான்’ என்கிறான். எனக்கு ஆத்திரமாக வருகிறது. விற்காமல் கிடப்பது எப்படி முதலீடாகும்?

உங்கள் ஆத்திரமும் நியாயம்தான், மகன் சொல்வதும் சரிதான் அம்மா. ஒரு கதை சொன்னால் விளங்கும்.

2008ம் ஆண்டு. மார்ச்சில் செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 4,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது. உரத்தின் விலையும் கூடவே ஏறியது. இன்னும் ஏறும் என்று பயந்து, நிர்வாகம் ஆண்டு நடுவில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு உரம் எடுத்துப் போட்டது. அக்டோபருக்குள் எண்ணெய் விலை 1,500க்கும் கீழே போய்விட்டது. செலவைக் குறை என்று உத்தரவு வந்து, உரம் போடும் சுற்றை நிறுத்தினார்கள். மூட்டைகள் ஸ்டோரிலேயே நின்றன.

டிசம்பர் 31ம் தேதி கையிருப்பு எண்ணப் போனோம். நானும் ஸ்டோர் கிராணியும். தகரக் கூரைக்குக் கீழே கண்ணைக் கரிக்கிற அமோனியா வாடை. அடுக்குகளை நீளம், அகலம், உயரம் என்று எண்ணிப் பெருக்கி, சாக்கட்டியால் மூட்டைமேல் எழுதிக்கொண்டே போனோம். பின் சுவர் ஓரத்து அடுக்கில் நான் சும்மா ஒரு மூட்டையை விரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல உரமூட்டை அரிசி மூட்டை மாதிரி உள்ளே வாங்கும். இது வாங்கவில்லை. சுவரைத் தொட்டது போலிருந்தது. மேல் அடுக்குகளை இறக்கச் சொன்னோம். கீழிரண்டு வரிசையும் ஈரம் ஏறிக் கல்லாகச் சமைந்திருந்தன. ஒன்றைப் பிரித்து மண்வெட்டியால் போட்டபோது நெருப்புப் பொறி பறக்காத குறைதான். அந்த மூட்டைகளை நான் தனித் தாளில் எழுதிக் கழித்தேன். தாளை நீட்டியபோது துரை வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நாட்டுக் கணக்கு இதை எப்படி எழுதும் என்று பாருங்கள். உரம் தயாரித்தவனுக்கு அது உற்பத்தி. உற்பத்தியான பொருள் யாரிடமாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். தோட்டம் அதைப் பயன்படுத்தி முடித்திருந்தால் செம்பனைக்கு ஆன செலவு. பயன்படுத்தாமல் ஸ்டோரில் நின்றால் சரக்கிருப்பு. இதைத் தவிர எழுத வேறு இடம் கிடையாது. உங்கள் கடையில் விற்காத முறுக்கு மாவும் அப்படித்தான். யாரோ அரைத்தார்கள், கூலி வாங்கினார்கள். இன்னும் யாரும் சாப்பிடவில்லை. ஆகவே உங்கள் கடைதான் அதை ‘வைத்திருக்கிறது’. பிடித்து வைத்தீர்களா, மாட்டிக்கொண்டீர்களா என்று கணக்கு கேட்பதில்லை. கெட்டுப்போனதை எடுத்துக் குப்பையில் போடும்போது, நான் அந்த உரத்தைக் கழித்த மாதிரி, அதையும் கழித்துவிடும்.

இதனால்தான் சரக்கிருப்பு கூடியது என்ற செய்தியை மட்டும் வைத்து நல்ல காலம் என்றும் சொல்ல முடியாது, கெட்ட காலம் என்றும் சொல்ல முடியாது. அடுத்த மாதம் வியாபாரம் ஓடும் என்று நம்பி அடுக்குவதும் சரக்குதான், ஓடாமல் தேங்குவதும் சரக்குதான். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் மாதாமாதம் நாட்டின் எண்ணெய்க் கையிருப்பை வெளியிடுகிறது. 2018 டிசம்பர் முடிவில் அது ஏறக்குறைய 3.2 மில்லியன் டன். அது யாரும் ஆசைப்பட்டுச் சேர்த்ததில்லை. காய்ப்பு அதிகம், ஏற்றுமதி மந்தம், அதற்கு முந்தின மாதம் விலை 2,000 வெள்ளிக்கும் கீழே இறங்கியிருந்தது. அதற்காக, ஆண்டுக் கடைசியில் கையிருப்பு கூடினாலே பயப்பட வேண்டியதில்லை. செப்டம்பர், அக்டோபரில் குலை அதிகம் விழும், டாங்கி நிறையும். பருவத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஸ்டோரில் இருக்கும் ஆயிரம் மூட்டையின் விலை ஒரே இரவில் ஏறினால் தோட்டத்துக்கு லாபம். நாட்டுக் கணக்கில் அது முதலீடு ஆகாது. மூட்டை கூடவில்லையே. இந்த விலையேற்றத்தைப் பிரித்தெடுப்பதுதான் இந்த வரியைத் தயாரிப்பவர்களுக்கு உள்ள பெரிய வேலை.

சரி, மகனுக்கு ஒரு கணக்குக் கொடுங்கள். போன ஆண்டு கடையில் 300 மூட்டை கூடியது. இந்த ஆண்டு 100 மூட்டை கூடியது. கையிருப்பு இன்னும் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் நாட்டின் வளர்ச்சிக்கு இந்த வரியின் பங்கு கூடுதலா, கழித்தலா? கழித்தல். 300 என்பது 100 ஆனதால் 200 குறைந்துவிட்டது. கிடங்கு நிறைந்துகொண்டே இருக்கும்போதும் வளர்ச்சி இறங்கும் என்பது இப்படித்தான். இதைப் புரிந்துகொண்டால் பொருளாதாரச் செய்திகளில் பாதிக் குழப்பம் தீரும்.

லோரி வைத்திருப்பவர், கூலிம்: பழைய லோரி ஒன்று வாங்கினேன். என் தொழிலுக்கு அது பெரிய முதலீடு. நாட்டுக்கும் முதலீடுதானே?

ஈப்போவில் ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தால் உங்களுக்குக் கூட்டல், அவருக்குக் கழித்தல், நாட்டுக்குச் சுழி. அந்த லோரி புதிதாக வந்த ஆண்டிலேயே அதை எழுதியாகிவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த பழைய லோரி என்றால் கதை வேறு. நாட்டுக்குள் அது முதன்முதலாக வருகிறது, ஆகவே மூலதனம்தான். இடையில் நின்ற புரோக்கர் கமிஷன் இருக்கிறதே, அது இரண்டு வகையிலும் மூலதனத்தில் சேரும். சொத்து கைமாறுவதற்கான செலவையும் சேர்த்து எழுதச் சொல்கிறது விதி. எஞ்சினை முழுதாக மாற்றி லோரியின் ஆயுளைக் கூட்டினால் அதுவும் மூலதனம். எண்ணெய் மாற்றுவதும் பிரேக் கட்டை மாற்றுவதும் அன்றாடச் செலவு.

வாசகி, பாரிட் புந்தார்: நகை வாங்குவது?

நிலைச் சொத்தும் இல்லை, சரக்கிருப்பும் இல்லை. மதிப்பைச் சேமித்து வைக்க வாங்கும் தங்கம், கல், கலைப் பொருள் இவற்றை அனைத்துலகக் கணக்கு முறையில் ‘மதிப்புப் பொருள்கள்’ என்று மூன்றாவதாகத் தனியே வைத்திருக்கிறார்கள். மொத்த மூலதன ஆக்கத்தில் அதற்கும் ஓரமாக ஒரு இடம் உண்டு. நகை எதையும் உற்பத்தி செய்வதில்லை, ஆனால் தேய்ந்தும் போவதில்லை. பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது அடகுக்கடை வரை போய் உதவியது எத்தனை வீட்டில் அந்தச் சங்கிலிதான். அந்த உதவியை எந்த வரியிலும் எழுத முடியாது.

ஓய்வு பெற்ற தொழிலாளி, பகாவ்: நான் முப்பது வருடம் குலை வெட்டிய செம்பனைக் காட்டை இப்போது சாய்க்கிறார்கள். மரத்தையும் நாட்டின் மூலதனம் என்று சொல்வார்களா? அப்படியென்றால் சாய்க்கும்போது மூலதனம் குறைகிறதா?

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆமாம், மரம் மூலதனம். புள்ளிவிவரத் துறை நிலை மூலதனத்தை மூன்றாகப் பிரிக்கிறது: கட்டுமானம், இயந்திர தளவாடம், பிற சொத்துகள். அந்த மூன்றாவதில்தான் நம்முடைய செம்பனையும் பால்மரமும் (ரப்பர்) வருகின்றன. ஒரு தடவை வெட்டிப் பலகையாக்குகிற காட்டுமரம் வளர்ந்துகொண்டிருக்கும்போது சரக்கிருப்பு. ஆண்டாண்டாகக் குலையோ பாலோ தருகிற மரம் நிலைச் சொத்து.

நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த ஆண்டு, 1978ல், எங்கள் தோட்டத்தில் ஒரு புதுநடவு. கயிறு பிடித்து முக்கோணமாக அடையாளக் குச்சி நட்டார்கள். ஒரு ஹெக்டருக்கு 136 மரம் என்று கணக்கு. நாற்றுப் பை ஒன்று கைக்குழந்தையைவிடக் கனம். சாலையோரம் லோரி இறக்கிய பைகளை நம் பெண்கள்தான் மேடும் பள்ளமும் ஏறிக் குழிக்குக் குழி சுமந்தார்கள். அன்றைக்கு அவர்கள் பேருக்குச் செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், கூலி எழுதியது நான். எழுதி முடித்ததும் பெரிய கிராணி அந்தக் கூலி முழுவதையும் ‘கேப்பிட்டல்’ என்ற பக்கத்துக்கு மாற்றச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. கூலி எப்படி மூலதனமாகும் என்று கேட்டேன். ‘அந்தப் பொம்பளைங்க இன்னைக்குச் சுமந்தது நாளைக்குச் சோத்துக்கு இல்லடா, இருபத்தஞ்சு வருஷத்துக்கு’ என்றார்.

காடு காய்ப்புக்கு வர ஏறக்குறைய மூன்று ஆண்டு. அதுவரை புல் வெட்டிய கூலி, கொடிப்பயிர் விதைத்த செலவு, உரம், எலிப்பொறி எல்லாம் அதே பக்கத்துக்குத்தான் போகும். முதல் குலை வெட்டிய மாதத்திலிருந்து செலவு வேறு பக்கத்துக்கு மாறும். நாட்டுக் கணக்கும் இதேதான். இளங்காட்டை வளர்க்கும் செலவு, வளர்க்கும் ஆண்டுகளிலேயே மூலதன ஆக்கமாகப் பதிவாகும். அதில் பெரும் பகுதி உங்களைப் போன்றவர்களின், உங்கள் வீட்டுப் பெண்களின் கைக்கூலி.

2003ல் அந்த 78ம் ஆண்டுக் காட்டைச் சாய்த்தோம். மரம் வளர்ந்து வளர்ந்து, கழியை இரண்டாக இணைத்தாலும் குலைக்கு எட்டாத உயரம். சாய்த்த மரத்தைத் துண்டு துண்டாகச் சீவி வரிசையாகக் குவித்து மக்கவிட்டு, இடையில் புது நாற்று வைத்தார்கள். ஆறேழு மாதத்தில் ஒரு நாள் காட்டுக்குப் போனால், இளங்குருத்து விரிந்த இடமெல்லாம் கத்தரிக்கோலால் மடித்து வெட்டினது போல ஓலையில் முக்கோணம் முக்கோணமாக வெட்டு. காண்டாமிருக வண்டு. மக்குகிற பழைய மரத்துக்குள்தான் அது குஞ்சு பொரிக்கும். பழைய மூலதனம் மண்ணாகிற இடத்தில் பிறந்த வண்டு புது மூலதனத்தின் குருத்தைத் தின்கிறது. சில நூறு நாற்றை மறுபடி வைக்க வேண்டி வந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாய்க்கிற அன்று மூலதனம் திடீரென்று குறைவதில்லை. மரம் காய்க்கிற ஒவ்வோர் ஆண்டும் அதன் மதிப்பில் ஒரு பங்கு தேய்ந்துகொண்டே வந்திருக்கும். அதற்குத் தேய்மானம் என்று தனிக் கணக்கு உண்டு. செய்தியில் வருவது ‘மொத்த’ மூலதன ஆக்கம். தேய்மானத்தைக் கழிக்காதது. நூறு ஏக்கர் தோட்டம், மரத்துக்கு 25 ஆண்டு ஆயுள் என்றால், ஆண்டுக்கு நாலு ஏக்கர் மறுநடவு செய்தால்தான் இருந்த இடத்திலேயே நிற்கலாம். நாலு ஏக்கர் நட்டதும் ‘முதலீடு செய்தோம்’ என்று அறிக்கை வரும். தோட்டம் வளர்ந்திருக்காது, நின்றிருக்கும். இரண்டு ஏக்கர் மட்டும் நட்டால் அதற்கும் அறிக்கை வரும். உள்ளே தோட்டம் கிழடாகிக்கொண்டிருக்கும். எந்த நாட்டின் முதலீட்டு எண்ணைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, இதில் பழையதை ஈடுகட்டியது எவ்வளவு, புதிதாகக் கூட்டியது எவ்வளவு என்பதைத்தான். அந்த இரண்டாவது எண் பத்திரிகையில் அநேகமாக வருவதே இல்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம்.

உங்கள் காட்டில் மறுநடவு இல்லாமல் வீடு கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், வீடு எழும்பும்போது அது கட்டுமானம் என்று பதிவாகும். நிலம் விற்ற தொகை, எத்தனை மில்லியனாக இருந்தாலும், மூலதன ஆக்கத்தில் வராது. நிலத்தை யாரும் உற்பத்தி செய்யவில்லை.

கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்யும் வாசகர், கிள்ளான்: 1998ல் நாட்டின் மொத்த உற்பத்தி 7.4 விழுக்காடு சுருங்கியது. நிலை மூலதன ஆக்கம் மட்டும் ஏறக்குறைய 43 விழுக்காடு விழுந்திருக்கிறது. முதலீடு மட்டும் ஏன் இப்படி ஆடுகிறது?

சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது, டிராக்டரைத் தள்ளிப்போடலாம். முதல் காரணம் இது. அந்த ஆண்டு மக்களின் செலவும் குறைந்தது, ஆனால் பத்து விழுக்காடு அளவில்தான்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. ஒரு தோட்டத்தில் குலை ஏற்ற பத்து டிராக்டர். ஆண்டுக்கு ஒன்று பழுதாகும், ஒன்று வாங்குவோம். ஓர் ஆண்டு காய்ப்பு பத்து விழுக்காடு கூடியது. பதினொரு டிராக்டர் வேண்டும். பழுதானதற்கு ஒன்று, கூடுதலுக்கு ஒன்று, ஆக இரண்டு வாங்குகிறோம். காய்ப்பு ஏறியது பத்து விழுக்காடு, டிராக்டர் கம்பெனிக்கு வியாபாரம் இரண்டு மடங்கு. மறு ஆண்டு காய்ப்பு அதே அளவில் நிற்கிறது, குறையவே இல்லை. திரும்பவும் ஒரு டிராக்டர்தான். கம்பெனிக்கு வியாபாரம் பாதி. தேவை வேகம் குறைந்தாலே போதும், முதலீடு விழும். தேவையே விழுந்தால் சொல்ல வேண்டாம்.

தொண்ணூறுகளில் நம் நாடு ஏறிய உயரத்தையும் நினைத்துப் பாருங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ல் முடிந்தது. இரட்டைக் கோபுரம், சிப்பாங் விமான நிலையம், புத்ரா ஜெயா எல்லாம் ஒரே காலத்தில் எழும்பின. 1995ல் நாட்டின் உற்பத்தியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் மூலதன ஆக்கத்துக்கே போனது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் அடி பலமாகத்தான் விழும். ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டியது 1998 செப்டம்பரில். எங்கள் ஆபீசில் அந்த ஆண்டு எண்ணெய் விலை நன்றாக இருந்தும் புதிதாக ஒரு டிராக்டர் வாங்க அனுமதி கிடைக்கவில்லை. வட்டி ஏறிக் கிடந்தது. பழைய டிராக்டருக்கு வெல்டிங் வைத்து ஓட்டினோம்.

தொழிற்சாலை ஊழியர், கூலிம்: எங்கள் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் கோடிக்கணக்கில் வெளிநாட்டு இயந்திரங்கள் இறங்குகின்றன. இதனால் நாட்டின் உற்பத்தி அன்றே கூடிவிடுமா?

பாடாங் செராயிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் பார்க்கிறேன். 1996ல் அந்தப் பூங்காவைத் திறந்தபோது சுற்றிலும் பெரும்பாலும் தோட்டம்தான். உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. இயந்திரம் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கும்போது முதலீட்டு வரியில் கூட்டல், இறக்குமதி வரியில் அதே அளவு கழித்தல். இரண்டும் சரிக்குச் சரி. அன்றைக்கு உற்பத்தியாகக் கூடுவது கட்டடம் கட்டியவர் வேலை, மின்கம்பி இழுத்தவர் வேலை, இயந்திரத்தைப் பொருத்தியவர் வேலை, இவ்வளவுதான். பிறகு அந்த இயந்திரம் ஓடத் தொடங்கி, நீங்கள் ஷிப்ட்டில் நின்று சில்லு செய்யும்போதுதான் உண்மையான பலன். எவ்வளவு மில்லியன் முதலீடு வந்தது என்று கேட்கும்போது, அதில் எவ்வளவு இங்கே செய்தது, எத்தனை பேர் அதை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் அந்த வேலைகளில் அதிகம் போக வேண்டும் என்பது என் ஆசை.

வாசகர், தாப்பா: துன் சம்பந்தன் காலத்தில் தொழிலாளிகள் கூட்டுறவாகச் சேர்ந்து தோட்டம் வாங்கினார்களே, அது மூலதன ஆக்கமா?

இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் எழுத வேண்டும் என்று கடைசியில் வைத்தேன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டான தோட்டத்தில் வேலையும் போய், லயத்து வீடும் போய், குடும்பங்கள் தெருவில் நின்றன. அதைத் தடுக்கத்தான் 1960ல், ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர்ப் பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். என் அப்பாவும் கட்டினார். சம்பளம் வாங்கிய அன்றே அம்மா அந்தப் பத்து வெள்ளியை மடித்து மஞ்சள் டப்பாவில் தனியாக எடுத்து வைத்துவிடுவார்.

கணக்கின்படி பார்த்தால், இருக்கிற தோட்டத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்குவது மூலதன ஆக்கம் ஆகாது. மேலே கூலிம் லோரிக்காரருக்குச் சொன்ன அதே விதிதான். வழக்கறிஞர் கட்டணம், பத்திரச் செலவு இவை மட்டும் சேரும். ஆனால் துண்டாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தத் துண்டு நிலத்துக்காரர்களில் பலருக்கு, மரம் வெட்டி ஐந்தாறு ஆண்டு வருமானமில்லாமல் காத்திருந்து பால்மரம் மறுநடவு செய்ய வசதி கிடையாது. முழுத் தோட்டமாக நின்றதால்தான் ஒரு பக்கம் பால் வெட்டிக்கொண்டே மறுபக்கம் புதுக் கன்று வைக்க முடியும். ஆகவே அந்தப் பத்து வெள்ளிகள் தோட்டம் கைமாறிய அன்று கணக்கில் ஏறவில்லை. மறுநடவுக்குக் குழி வெட்டத் தொடங்கிய மாதத்திலிருந்து ஏறின.